சிங்கப்பூர் போறீங்களா? இரவு 10.30 மணியை மறந்துடாதீங்க!

சனிக்கிழமை இரவு 8.30 மணி. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா. திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த நான்கு நண்பர்கள் பகல் முழுக்க மெர்லயன், செந்தோசா என்று சுற்றிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்காகச் சிராங்கூன் சாலைக்கு வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மத்தியானம் வேறு ஏரியாவில் வாங்கிய நான்கு பியர் கேன்கள் அதில் இருக்கின்றன. ஒரு சந்தில் திண்டு மாதிரி ஓர் இடம் கிடைக்கிறது. உட்கார்ந்து கேனைத் திறக்கிறார்கள்.

நான்கு பேரில் ஒருவர் கொஞ்சம் உஷார் பேர்வழி. கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். "சிங்கப்பூர்ல ராத்திரி 10.30க்கு மேலதான்டா வெளிய குடிக்கக் கூடாது. இப்ப மணி 8.30தான். பயப்படாம குடிங்க" என்று தைரியம் சொல்கிறார்.

அவர் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால், அந்த நான்கு பேரும் அந்த நிமிடமே சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிட்டார்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நடக்க முடியாத காட்சி இல்லை. சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று தமிழ்நாட்டின் நான்கு ஊர்களிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் ஒரு தடவையாவது கால் வைக்கும் இடம் லிட்டில் இந்தியா. அங்கே மது விஷயத்தில் என்ன சட்டம், ஏன் அப்படி ஒரு சட்டம் வந்தது என்பதைப் பார்ப்போம். மது அருந்துவது உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்வதற்காக இல்லை. தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

முதலில் கடிகாரம்!

சிங்கப்பூரில் மது அருந்துவது குற்றமில்லை. 18 வயது நிறைந்தவர்கள் வாங்கலாம், குடிக்கலாம். தமிழ்நாட்டில் இந்த வயது 21. ஆனால், எங்கே, எந்த நேரத்தில் என்பதில்தான் அந்த நாடு கறாராக இருக்கிறது.

2015 ஏப்ரல் 1-ம் தேதி முதல் அங்கே மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. இது ஏதோ ஒரு தெருவுக்கோ, ஒரு பேட்டைக்கோ மட்டும் உள்ள விதி இல்லை. தீவு முழுக்க இதுதான் விதி. அதே நேரத்தில் கடைகளில் மதுவைப் பார்சல் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. பெட்டிக்கடையாக இருந்தாலும் சூப்பர் மார்க்கெட்டாக இருந்தாலும், 10.30 ஆனால் விற்பனை நின்றுவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 10.30 என்றால் நம் ஊரில் 8 மணி. புதிதாகப் போய் இறங்கியவருக்கு உடம்பு இன்னும் ஊர்க் கணக்கில்தான் இருக்கும். "இப்பதானே இருட்டுச்சு" என்று தோன்றும்போது அங்கே நேரம் முடிந்திருக்கும். கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள், விமானம் தரையிறங்கியதும் நேரத்தை மாற்றிவிடுங்கள்.

எது பொது இடம்?

நாம் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். தெருவும் பூங்காவும் கடற்கரையும் பொது இடம் என்பது யாருக்கும் தெரியும். சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் வசிப்பது எச்.டி.பி. எனப்படும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில். அந்தக் கட்டடங்களின் தரைத்தளம் சுவர்கள் இல்லாமல் திறந்தவெளியாக இருக்கும். மேசை, பெஞ்சு எல்லாம் போட்டிருப்பார்கள். கல்யாணம், துக்க காரியம் எல்லாம்கூட அங்கே நடக்கும். 'வாய்ட் டெக்' என்று பெயர்.

மகன் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. வீட்டுக்குள் குழந்தைகள் தூங்குகிறார்கள். மாமனாரும் மருமகனும் கீழே போய்க் காற்றாட உட்கார்ந்து ஒரு கிளாஸ் அடிக்கலாம் என்று நினைக்கலாம். "நம்ம பில்டிங்தானே" என்றும் தோன்றலாம். ஆனால், சட்டத்தின் கண்ணில் அந்த வாய்ட் டெக்கும் பொது இடம்தான். 10.30-க்கு மேல் அங்கே கூடாது. வீட்டுக்குள் குடிப்பதற்கு இந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது.

அதேபோல, ஹோட்டல் அறைக்குள் தடை இல்லை. உரிமம் பெற்ற பார், உணவகம், காப்பிக்கடை ஆகியவற்றுக்குள் அவரவர் உரிமத்தில் இருக்கும் நேரம் வரை உட்கார்ந்து அருந்தலாம். கிளார்க் கீ மாதிரி ஆற்றங்கரை இடங்களில் கடைக்கு வெளியே மேசை போட்டிருப்பார்கள். அது அந்தக் கடையின் உரிமத்துக்கு உட்பட்ட பகுதி என்றால் சிக்கல் இல்லை. ஆனால், அங்கிருந்து கிளாஸையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு 10.30-க்கு மேல் ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தால், நீங்கள் நிற்பது பொது இடம்.

"தண்ணி பாட்டில்ல கலந்து வெச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. உள்ளே இருக்கும் பானத்தில் ஆல்கஹால் 0.5 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் அது மதுதான்.

லிட்டில் இந்தியாவுக்குத் தனிக் கணக்கு

இப்போது அந்த நான்கு நண்பர்களிடம் திரும்ப வருவோம். மணி 8.30தான். அப்படியானால் தப்பு எங்கே?

சிங்கப்பூரில் இரண்டு பகுதிகள் 'மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம்' என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, கேலாங். இன்னொன்று, நம் ஆட்கள் அதிகம் போகும் லிட்டில் இந்தியா. இந்த இரண்டு இடங்களிலும் வார நாள்களில் மற்ற இடங்களில் உள்ள அதே 10.30 விதிதான். ஆனால், சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கி திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பொது இடத்தில் மது அருந்தவே கூடாது. பட்டப்பகலில்கூடக் கூடாது. பார்சல் விற்பனையும் சனி, ஞாயிறுகளில் மாலை 7 மணியோடு நின்றுவிடும்.

பொது விடுமுறை நாள்களுக்கும் இப்படித்தான். முதல் நாள் மாலை 7 மணிக்கே தடை தொடங்கிவிடும். விடுமுறை முடிந்து மறுநாள் காலை 7 மணிக்குத்தான் விலகும். இது ஏன் நமக்கு முக்கியம் என்றால், சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம் ஜொலிக்கும். பூ வாங்க, பலகாரம் வாங்க, சும்மா வேடிக்கை பார்க்க என்று கூட்டம் அலைமோதும். ஊரிலிருந்து போனவர்களுக்கு அது நம்ம ஊர்க் கடைவீதி போலவே இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் கையில் கேனோடு நின்றால் சிக்கல்தான்.

உணவகத்துக்குள், ஹோட்டல் அறைக்குள் என்ற விலக்கு லிட்டில் இந்தியாவுக்கும் பொருந்தும். சனிக்கிழமை இரவு அங்கே ஓர் உரிமம் பெற்ற உணவகத்தில் உட்கார்ந்து பியர் குடிப்பது குற்றமில்லை. அதே பியரோடு வாசலைத் தாண்டினால் குற்றம்.

அபராதம் எவ்வளவு?

தடை செய்யப்பட்ட நேரத்தில் பொது இடத்தில் மது அருந்தினால் 1,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். அங்கே டாலரை 'வெள்ளி' என்றுதான் தமிழில் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் 65 ரூபாய்க்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து போய்வரும் விமானக் கட்டணத்தையே தாண்டிவிடும். திரும்பத் திரும்ப இதே குற்றத்தைச் செய்தால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லிட்டில் இந்தியா, கேலாங் வட்டாரங்களுக்குள் என்றால் தண்டனையின் உச்ச வரம்பு ஒன்றரை மடங்கு.

போலீஸார் வந்து, "குடிப்பதை நிறுத்துங்கள், இதைக் கொட்டிவிடுங்கள்" என்று சொன்னால், அந்த நிமிடமே செய்துவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் கேட்காமல் இருப்பதும் குற்றம். "நாங்க டூரிஸ்ட் சார், தெரியாது சார்" என்று பணிவாகச் சொல்வதில் தப்பில்லை. ஆனால், தெரியாது என்பது சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போதையில் பொது இடத்தில் கிடப்பதும் அங்கே தனிக் குற்றம். அதற்குச் சிறை வரை போக வாய்ப்பு உண்டு.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில், "ஏதாவது பார்த்துச் செய்யலாமே சார்" என்று பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் லஞ்சம் கொடுக்க முன்வருவதே பெரிய குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ஒரு கேன் பியரில் தொடங்கியது எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சரி, ஏன் லிட்டில் இந்தியாவுக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி? இந்தக் கேள்விக்கான பதில் 2013-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதியில் இருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் கட்டும் தளம் என்று வாரம் ஆறு நாளும் உழைக்கும் தொழிலாளர்களுக்கு அந்த ஒரு நாள்தான் விடுமுறை. தீவின் ஓரங்களில் இருக்கும் தொழிலாளர் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து லிட்டில் இந்தியாவுக்கு வருவார்கள். அவர்கள் வாயில் அந்த இடத்துக்குப் பெயர் 'தேக்கா'. ஊருக்குப் பணம் அனுப்புவது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போடுவது, ஊர்க்காரனைப் பார்த்துப் பேசுவது எல்லாம் அங்கேதான். சிலர் புல்வெளியில் உட்கார்ந்து குடிப்பதும் உண்டு.

அன்று இரவு 9.20 மணி வாக்கில், ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி இறந்துபோனார். அவர் போதையில் இருந்தார், பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிறகு தடுமாறி விழுந்தார் என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரியவந்தது. ஆனால், அந்த நேரத்தில் அங்கே கூடியிருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது சக்கரத்துக்கு அடியில் கிடந்த ஓர் உடல் மட்டும்தான். கோபம் வெடித்தது. சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். போலீஸ் வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன. ஆம்புலன்ஸுக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கலவரம் என்ற ஒன்றையே பார்க்காத நாடு அதிர்ந்துபோனது.

அதற்குப் பிறகு 25 பேர் மீது வழக்கு போடப்பட்டது. 57 தொழிலாளர்கள் நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி.பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2014 ஜூன் மாத இறுதியில் வெளியான அதன் அறிக்கை, விபத்துதான் கலவரத்தைத் தூண்டியது, மது அதை மேலும் மோசமாக்கியது என்று சொன்னது.

கலவரத்துக்கு அடுத்த வார இறுதியிலேயே லிட்டில் இந்தியாவில் மது விற்கவும் குடிக்கவும் தடை விதிக்கப்பட்டது. அப்புறம் ஓராண்டுக்குத் தற்காலிகச் சட்டம். 2015 ஜனவரி 30-ம் தேதி, நாடு முழுமைக்குமான மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மது விற்பனை விதிகளை மறுபரிசீலனை செய்யும் வேலை கலவரத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. வீட்டுப் பக்கத்தில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள், குப்பை போடுகிறார்கள் என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்லிவந்தார்கள். ஓர் இடத்தில் நடந்ததற்காகத் தீவு முழுக்க இப்படிக் கட்டுப்பாடு வேண்டுமா என்று சிங்கப்பூரிலேயே விவாதமும் நடந்தது. எப்படியோ, சட்டம் வந்து பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சித்தப்பா சொன்ன கணக்கு

அந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் கிராமம். தெருவுக்கு இரண்டு பேராவது சிங்கப்பூரில் இருப்பார்கள். எங்கள் சித்தப்பாவும் அங்கே கட்டட வேலையில் இருந்தார். மறுநாள் விடிந்ததும் டிவியில் எரியும் வண்டியைக் காட்டினார்கள். சித்தி போன் மேல் போன் போட்டார். எடுக்கவில்லை. பாட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் சித்தப்பாவின் குரல் கேட்டது. முதல் நாள் அவர் தேக்காவுக்கே போகவில்லையாம். ஓவர்டைம் வேலையாம். ஓவர்டைம் பார்த்ததற்காகச் சித்தி சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இந்தக் கட்டுரைக்காகச் சித்தப்பாவிடம் பேசினேன். இப்போது ஊரோடு வந்துவிட்டார். அந்தச் சட்டம் வந்த பிறகு என்ன மாறியது என்று கேட்டேன். அவர் குடிப்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பயத்தைப் பற்றித்தான் பேசினார். சுற்றுலா வருகிறவருக்கு அபராதம் என்பது பணத்தோடு போய்விடும், வேலைக்கு வந்தவருக்கு அப்படி இல்லை என்றார். ஏஜென்டுக்குக் கொடுத்த பணம், அதற்காக வைத்த நகை, வட்டிக்கு வாங்கிய கடன் எல்லாம் ஒரு பெர்மிட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். போலீஸ் வழக்கு என்று வந்து, பெர்மிட் ரத்தாகித் திருப்பி அனுப்பிவிட்டால், மறுபடி அந்த நாட்டுக்குள் போவது பெரும்பாடு. கடன் மட்டும் ஊரில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

அதனால் புதிதாக வரும் பையன்களுக்கு அவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பாராம். தேக்காவில் இருக்கும் அறிவிப்புப் பலகையைக் காட்டி, அதைப் படிக்கச் சொல்வாராம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. அதனால், படிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது என்பார்.

இவையும் தெரிந்திருக்கட்டும்

மது தொடர்பாகப் பயணிகள் வழக்கமாகத் தடுமாறும் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன.

விமானத்தில்: டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலை விமானத்துக்குள் திறக்கக் கூடாது. விமானப் பணியாளர் கொடுப்பதை மட்டும்தான் அருந்தலாம்.

சுங்கத்தில்: 18 வயது நிறைந்தவர், சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்துவிட்டு வருகிறார் என்றால் மொத்தம் 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டுபோகலாம். அதிலும் விஸ்கி, பிராந்தி மாதிரியான மதுவகை 1 லிட்டர்தான். மீதி 1 லிட்டர் ஒயினாகவோ பியராகவோ இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. கோலாலம்பூர், சிங்கப்பூர் இரண்டையும் சேர்த்து பேக்கேஜ் டூர் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மலேசியாவில் வாங்கிய பாட்டிலோடு சிங்கப்பூர் எல்லையைக் கடந்தால், அதைச் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.

எம்.ஆர்.டி. ரயிலில்: மது இருக்கட்டும், அங்கே எதையுமே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 வெள்ளி அபராதம் என்று நிலையத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். குழந்தைக்கு பிஸ்கட் கொடுப்பதாக இருந்தாலும், ஸ்டேஷனுக்கு வெளியே வந்த பிறகு கொடுங்கள்.

வண்டி ஓட்டினால்: குடித்துவிட்டு ஓட்டுவதற்கு முதல் தடவையே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால், குடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கையில் வைத்திருப்பது: மூடிய பாட்டிலைப் பையில் எடுத்துப்போவதைச் சட்டம் தடுக்கவில்லை. நள்ளிரவில் வந்து இறங்கி, டியூட்டி ஃப்ரீ பையோடு ஹோட்டலுக்குப் போகலாம். வழியில் திறப்பதுதான் பிரச்னை.

திரும்பி வரும்போது: இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவை வரி இல்லாமல் கொண்டுவரலாம். "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ளே" என்று பத்துப் பேர் சொல்வார்கள். கணக்கு 2 லிட்டர்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவு கெடாமல் இருக்கும்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்

1. சிங்கப்பூர் முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவும், பார்சல் வாங்கவும் தடை.

2. லிட்டில் இந்தியா, கேலாங் பகுதிகளில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. சனி, ஞாயிறு பார்சல் விற்பனை மாலை 7 வரை மட்டும்.

3. பொது விடுமுறை என்றால் முதல் நாள் மாலை 7 மணிக்கே அந்த வட்டாரங்களில் தடை தொடங்கும். தீபாவளிக்கும் உண்டு.

4. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே உள்ள வாய்ட் டெக்கும் பொது இடம்தான்.

5. வீடு, ஹோட்டல் அறை, உரிமம் பெற்ற கடையின் உள்பகுதி ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

6. போலீஸ் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். வாதம் வேண்டாம். பணம் நீட்டவே வேண்டாம்.

7. வாங்கும் வயது 18. பார்க்க இளமையாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டின் படம் போனில் இருக்கட்டும். அசல் கேட்டால் அதையும் காட்டத் தயாராக இருங்கள்.

ஒரு நாட்டுக்குப் போவதற்கு முன்பு அங்கே எங்கே இட்லி கிடைக்கும், எந்தக் கடையில் சாக்லேட் மலிவு என்று எல்லாம் தேடிப் பார்க்கிறோம். அதோடு சேர்த்து ஐந்து நிமிடம் அந்த நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட்டால் போதும். உங்களுக்கு மட்டுமில்லை, அடுத்த மாதம் வேலைக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதை அனுப்பிவையுங்கள்.

பேச்சை முடிக்கும்போது சித்தப்பா ஒன்று சொன்னார். அங்கே இருந்த காலத்தில், ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் யாராவது ஊர்ப் பையன் பையோடு உட்கார இடம் தேடுவதைப் பார்த்தால், போய் வாட்சைக் காட்டுவாராம். "தம்பி, இங்க வேணாம். எந்திரி" என்று மட்டும் சொல்வாராம். பெரும்பாலும் எழுந்துவிடுவார்களாம். எழுந்து நேராக எங்கே போவார்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடை பக்கத்திலேயேதான் இருக்கும் என்று சிரித்தார்.